கப்பித்தான் கொடுத்த நாடகம்

"புத்தகத்துல இருக்கிறதுல ஒரு வார்த்தை மாறினாலும் உன் முதுகுத் தோல் உரிஞ்சிடும், சின்னப்பா!"

கோட்டைத் தலைவரான கப்பித்தான் டச்சு மொழியில் உறுமியதைத் துபாஷி சின்னப்பன் பணிவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பழவேற்காட்டுக் கோட்டையில் வெள்ளைக்காரர் பேச்சை ஊராருக்கும், ஊரார் பேச்சை வெள்ளைக்காரருக்கும் மாற்றிச் சொல்வதுதான் அவன் வேலை.

"எங்க தலைமை இடமான பத்தாவியாவிலேர்ந்து பெரிய துரையும் துரைசாணியும் வர்றாங்க. அந்தம்மாவுக்கு நாடகம்னா உயிர். இது எங்க ஊர் நாடகப் புத்தகம். கப்பல்ல வந்த மாலுமி ஒருத்தன்கிட்ட வாங்கினேன். எப்படி நிக்கணும், எப்படி அழணும், எல்லாம் இதுல இருக்கு. நீ படிச்சு உங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடு. அன்னிக்கு நான் இதைக் கையில வெச்சு வரிவரியாப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

சின்னப்பன் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு படகேறினான். ஏரி நடுவே இருந்த பசியாவரம் தீவில் வலை பின்னிக்கொண்டிருந்த கூத்துக்காரன் பெருமாள் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாய்யா அது, செங்கல்லா?"

"நாடகப் புத்தகம். பெரிய துரை முன்னால உன் ஆளுங்க ஆடணும்."

"ஆடிட்டாப் போச்சு. கதை இன்னா?"

"அதான் தெரியல."

"படிச்சுச் சொல்லேன்."

சின்னப்பன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு அவங்க பேச்சுதான் வரும், எழுத்து வராது. எங்க நைனா கோட்டையில குசினிக்காரரு. அடுப்பங்கரையில உக்காந்து காதால கேட்டுக் கத்துக்கினேன். படிக்கத் தெரியும்னு ஒரு பொய்ய சொல்லித்தான் வேலையில சேந்தேன்."

பெருமாள் விழுந்து விழுந்து சிரித்தான். "கோட்டையில கணக்கெழுதுற வெள்ளைக்காரனுங்க இருக்கானுங்களே, அவங்கள கேளு."

"கேட்டா குட்டு வெளிப்பட்டுடும். வேலையும் போயிடும்."

இருவரும் ஏடுகளைப் புரட்டினார்கள். ஒரு படம்கூட இல்லை. எறும்பு ஊர்ந்தாற்போல எழுத்துகள்தான்.

"அட விடுய்யா," என்றான் பெருமாள். "ஒரு ராஜா. அவருக்கு ஒரு மக. அவ மேல ஆசப்படுற வலைக்காரன். காதலு, சண்ட, அழுகை இல்லாத நாடகம் எந்தச் சீமையில இருக்கு? எங்கியாவது ஒட்டிக்கும்."

"ஒட்டலைன்னா?"

"உன் முதுகுதானே!"

நாடகத்தன்று கோட்டைக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். பெருமாள்தான் ராஜகுமாரி. மீசையை எடுக்க மாட்டேன் என்று சாதித்து, முந்தானையால் மூடிக்கொண்டு நின்றான். முன்வரிசையில் பெரிய துரையும் துரைசாணியும். பக்கத்தில் கப்பித்தான், மடியில் விரித்த புத்தகத்தோடு. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற சின்னப்பன், ஒவ்வொரு வசனத்தையும் டச்சு மொழியில் உரக்கச் சொன்னான்.

அவன் கண் கூத்தில் இல்லை. வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்த கப்பித்தானின் விரலிலேயே இருந்தது. ராஜா வலைக்காரனைச் சிறையில் தள்ளினான். விரல் நகர்ந்தது. ராஜகுமாரி ஓவென்று அழுதாள். விரல் நின்றது.

"நிறுத்து!"

மத்தளம் அடங்கியது. சின்னப்பனுக்கு முதுகு இப்போதே எரிவதுபோல இருந்தது.

"அவ வலது கைய நெஞ்சில வெச்சு அழறா. புத்தகத்துல இடது கைன்னு போட்டிருக்கு!"

சின்னப்பனால் தன் காதையே நம்ப முடியவில்லை. அப்படியானால் புத்தகத்திலும் ஒரு ராஜகுமாரி இருக்கிறாளா? அவளும் இந்த இடத்தில்தான் அழுகிறாளா?

"பெருமாளு, இடது கைய வெச்சு அழுய்யா!" என்று கத்தினான்.

பெருமாள் கையை மாற்றிக்கொண்டு இன்னும் உரக்க அழுதான். கப்பித்தான் திருப்தியாகப் பக்கத்தைத் திருப்பினார். வாள்சண்டை வந்தபோது, "அப்படித்தான், அப்படியேதான் எழுதியிருக்கு!" என்று தொடையில் தட்டினார். கடைசியில் கல்யாணம் நடந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னப்பனுக்கு மேனி சிலிர்த்தது. மாதாதான் தன் வாயில் உட்கார்ந்து புத்தகத்தில் உள்ள கதையைச் சொல்லவைத்திருக்கிறாள் என்றே நம்பிவிட்டான்.

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். துரைசாணி எழுந்து கப்பித்தானிடம் வந்தாள்.

"எவ்வளவு அருமையான நாடகம்! யார் எழுதினது?" என்றபடி அவர் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தாள்.

ஒரு பக்கத்தைப் பார்த்தாள். நாலைந்து பக்கம் தள்ளிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி குனிந்து, "கப்பித்தான், இது குதிரைக்கு வயிறு உப்பினா என்ன மருந்து கொடுக்கறதுன்னு சொல்ற புத்தகமாச்சே!" என்றாள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற சின்னப்பன் காதில் மட்டும் அது விழுந்துவிட்டது.

கப்பித்தானின் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் மெல்லத் திரும்பிச் சின்னப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வை சின்னப்பனுக்கு நன்றாகத் தெரியும். யாராவது ஒரு தாளை நீட்டி, 'படி' என்னும்போது அவன் முழிக்கிற அதே முழி.

"துபாஷியாரே, அம்மா இன்னா சொல்றாங்க?" என்று மேடையிலிருந்து கேட்டான் பெருமாள்.

சின்னப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கச் சொன்னான்: "நம்ம கப்பித்தான் மாதிரி புத்தகம் படிக்கிறவரை அந்தம்மா எந்தச் சீமையிலயும் பார்த்ததே இல்லியாம்!"