நடுக்கடலில் மலை

திரை முழுக்கப் பச்சை.

அவள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். கடலின் மேல் தம்பியின் கப்பல் ஒரு மஞ்சள் புள்ளியாக நகர்ந்தது. செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் தலைக்கு மேல் வந்தன. ஒன்று விலகுமுன் அடுத்தது வந்து நின்றது.

மறுபடியும் பச்சை.

எந்தச் செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும், பூமியில் எந்த இடம் அதன் பார்வையில் படும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள் அது. சிக்னல் கிடைக்கும் இடம் பச்சை, கிடைக்காத இடம் சிவப்பு. பெங்களூரில் அவளுக்கு வேலையே அதில்தான். தம்பி தளவாய் கப்பலில் சேர்ந்த புதிதில், கடல் முழுக்கப் பச்சையாக இருப்பதை அவனுக்கும் ஓட்டிக் காட்டியிருக்கிறாள்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்த மூன்று நாளும் அவன் கூப்பிடவில்லை. யாருடைய போன் அடித்தாலும் அவன்தானோ என்று அம்மா தலையணையில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

கடைக்குட்டி வைக்க வேண்டிய கொள்ளியைப் பெரியப்பா மகன் வைத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு தளவாய் பேசினான்.

"சாட்டிலைட்டே கெடைக்கலக்கா. மூணு நாளும்."

அதை அப்பாவும் கேட்டார். இன்று காலை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அவன் சொல்லுதது நெசமான்னு நீயே பாத்துச் சொல்லு. பொய்யின்னா பதினாறாம் நாளுக்கு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அதுக்கப்புறமும் வேண்டாம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அவருடைய கூடப் பிறந்த தம்பி இதே ஊரில் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். இருவரும் முகம் பார்த்துப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் இல்லை. பல் பிடுங்கிய பிறகு மரத்துக் கிடக்கும் ஈறு போல இருந்தது உள்ளே. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த மூன்று நாளுக்காக அவள் ஓட்டிய கணக்கில் ஓர் எண் உண்டு. அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் செயற்கைக்கோள் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்கிற கோணம். வழக்கமாகப் பத்து டிகிரி. சுற்றிலும் மலை மறைக்கிற இடமென்றால் கூட்டிக்கொள்வார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அலுவலகத்தில் சிலர் குறைத்துப் போடுவதும் உண்டு. அவர்களை அவள் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள்.

நடுக்கடலில் மலை ஏது?

இருபது என்று போட்டாள். பச்சைதான்.

முப்பது. ஓரிரு இடத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

ஐம்பது.

தம்பியைச் சுற்றி நாலாபக்கமும் மலைகளை எழுப்பிக்கொண்டே போனாள். அவனுக்கு வானம் சுருங்கிக்கொண்டே வந்தது. எழுபதில், அவன் போன வழி உட்பட, கடல் முக்கால்வாசி சிவந்திருந்தது.

மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தாள்.

"செவப்பா இருக்குல்லா, அங்கெல்லாம் கெடைக்காதுப்பா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். மஞ்சள் புள்ளியை விரலால் தொட்டார்.

"இதுவா அவன்?"

"ஆமா."

சவரம் செய்யாத அந்த முகம் தளர்ந்தது. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. உடனே போனை எடுத்தார். கப்பல் இப்போது கொழும்பில் நின்றது. முதல் மணியிலேயே தளவாய் எடுத்தான். அப்பாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏல தளவாய், ஒம்மேல தப்பில்லடே. அக்கா கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பாத்துட்டா. மூணு நாளும் ஒனக்கு சாட்டிலைட் கெடைக்கலங்கா. நீ வா."

அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏல?"

அப்பா போனை உதறினார். காதில் ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

"கட்டாயிட்டோ? பாரும்மா."

அவள் வாங்கிப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவது கேட்டது.

"இல்லப்பா," என்றாள். "லைன்லதான் இருக்கான்."