துவரையின் புளிப்புச் சாறு

செம்மண் காட்டில் நின்ற மக்காச்சோளத்துக்கு இலையோரமெல்லாம் ஊதா ஏறிவிட்டது. மணிச்சத்துப் பற்றாக்குறைதான். இப்படியே போனால் கதிரில் மணி பிடிக்காது. பக்கத்து வரிசைத் துவரையோ பச்சைப்பசேலென்று நின்றது. சோளத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் துவரையக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே மண்ணுதானே? நானும் சல்லிவேரை நாலாபக்கமும் விட்டு இழுத்துப் பாத்துட்டேன். மண்ணு சத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

"நான் இழுக்கிறதே இல்ல. வேர் வழியா கொஞ்சம் புளிப்புச் சாறு கசிய விடுவேன். மண்ணோட பிடி தானா தளர்ந்துடும்."

"நல்லாயிருக்கே! அப்படித் தளர்ந்து வந்ததைப் பக்கத்துல நிக்கிறவ வாரிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

துவரை சிரித்தது. "உன் குருத்தைப் பாரு."

சோளம் பார்த்தது. நேற்று விரிந்த புது இலையில் ஒரு பொட்டு ஊதா இல்லை.