வெயில் அடுப்புப் பந்தயம்

“பன்னெண்டு மணிக்குள்ள பால் பொங்கணும். பொங்கலேன்னா வாயை மூடிக்கிட்டு அந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும். சம்மதமா?” என்றார் அப்புத்துரை.

“பொங்கிட்டா?” என்றாள் சற்குணம்.

“கல்யாணப் பேச்சை அதோட விட்டுடறேன். வந்தவரை நானே ஃபெரி ஏத்தி அனுப்பிடறேன்.”

1987 பொங்கலன்று காலை, தீவிலிருக்கும் ஆயர் ஈத்தாம் பகுதியின் அடுக்குமாடி வீட்டில் அப்பாவும் மகளும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு பேருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

மாப்பிள்ளை ஏரம்பமூர்த்திக்கு இங்கிலாந்தில் அணுமின் நிலையத்தில் வேலை. விடுமுறையில் வந்திருந்தவர் அன்று பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அறிவியல் ஆசிரியையான சற்குணம் அவருடைய போட்டோ வந்த உறையைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

“போன வருஷம் ரஷ்யாவுல அணு உலை வெடிச்சுதே, பேப்பர்ல படிச்சீங்கல்ல? நமக்கு வருஷம் பூரா தலைக்கு மேல வெயில் கொட்டுதுப்பா!”

“வெயில்ல வத்தல் காயும், துணி காயும். அடுப்பு எரியுமாலா?”

இந்த வாய்ச்சண்டைதான் பந்தயத்தில் வந்து நின்றது. அப்புத்துரை போட்டோவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அக்கரையிலிருந்து வரும் மாப்பிள்ளையை அழைத்துவர ஃபெரிப் படகுத்துறைக்குக் கிளம்பினார். சற்குணம் மொட்டைமாடிக்கு ஓடினாள்.

சந்தையில் மீன்காரரிடம் கேட்டு வாங்கிய பழைய பெரிய குடை அங்கே மல்லாந்து கிடந்தது. உட்புறம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தாள். நடுவில் மூன்று கம்பிகள் நட்டு, அடியில் கரி பூசிய சின்னப் பானையைத் தொங்கவிட்டாள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தும் உண்டு. சூரியனுக்குப் படைக்கிற பொங்கலைச் சூரியனே சமைத்தால் என்ன என்பது அவள் கட்சி.

பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்கா கரும்போடு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். மீதிக் கரும்பைத் தோளில் சுமந்தபடி பின்னாலேயே ஓர் இளைஞன் வந்தான். பொங்கலும் அதுவுமாக அக்கா வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது வழக்கம்தான்.

அவன் குடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“வெயில் மேல ஏறிடுச்சுங்க. குடையைக் கொஞ்சம் நிமிர்த்தணும்” என்றவன், கேட்காமலே காம்பைப் பிடித்துக்கொண்டான். “பானையை மூடி வைங்க. சூடெல்லாம் மேல ஓடிப்போகுது.”

மூடினாள். கொஞ்ச நேரத்தில் பானைக்குள் உஸ்ஸென்று ஓசை கேட்டது. சந்தோஷத்தில் சற்குணத்துக்குத் தலைகால் புரியவில்லை.

“இது பொங்கலேன்னா என்னங்க ஆகும்?” என்று கேட்டான்.

“என்ன ஆகுமா? ஒரு அணுகுண்டைக் கட்டிக்கிட்டு நான் சீமைக்குப் போகணும்!” என்று பந்தயக் கதை முழுவதையும் கொட்டித் தீர்த்தாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்படின்னா கட்டாயம் பொங்க வச்சே ஆகணும்!”

“நீங்க எந்தக் கட்சி?”

“அணு உலையும் கடைசியில தண்ணியைத்தான் கொதிக்க வைக்குதுங்க. அந்த வேலையை நீங்க ஒத்தைக் குடையில செய்யறீங்க. உங்க கட்சிதான்.”

இரண்டு மணி நேரமாக முகமெல்லாம் வேர்வை வழிய, கையை மாற்றி மாற்றிக் குடையைப் பிடித்தவனை அவளுக்குப் பிடித்துப்போனது. அதை மறைப்பானேன்!

பதினொன்று நாற்பதுக்குக் கொடிமலைப் பக்கமிருந்து மேகம் கிளம்பி வந்து வெயிலை விழுங்கியது. உஸ்ஸென்ற ஓசை அடங்கிவிட்டது.

“ஐயோ, போச்சு!” சற்குணத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“பொறுங்க, சின்ன மேகம்தான். மூடியைத் திறந்துடாதீங்க.”

ஜெயலெட்சுமி அக்கா முருகனைக் கூப்பிட்டார். பத்து நிமிடம் பத்து யுகமாய்க் கழிந்தது. மேகம் விலகி, குடை மறுபடியும் கண்கூசப் பளபளத்தது. பானை முனகியது, மூடி ஆடியது. சற்குணம் அதைத் தட்டிவிட்டதுதான் தாமதம், நுரை விளிம்பைத் தொட்டு, தயங்கி, குபுக்கென்று நாலாபக்கமும் வழிந்தது.

“பொங்கலோ பொங்கல்!”

மூன்று பேரும் குதித்தார்கள். சற்குணம் அவன் கையைப் பிடித்துக்கொண்டே குதித்தாள்.

“மூணு ஃபெரி பார்த்துட்டேன், ஆளையே காணோம்” என்றபடி மாடி ஏறி வந்த அப்புத்துரை, பானையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஐம்பத்தேழு.

“சரிம்மா, நீயே ஜெயிச்சுட்ட. சொன்ன சொல் சொன்னதுதான். கல்யாணம் கிடையாது.”

திரும்பியவர் குடையோடு நின்றவனைக் கண்டு திகைத்தார். சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அடடே, ஏரம்பமூர்த்தி தம்பியா! முதல் ஃபெரியிலயே வந்துட்டீங்களா?”

“கீழ உன் வீட்டைக் கேட்டாரு, உங்க ஸ்கூல் வாத்தியார்னுல்ல நினைச்சேன்!” என்று ஜெயலெட்சுமி அக்கா சற்குணத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

“மன்னிச்சுக்குங்க தம்பி, பந்தயத்துல தோத்துட்டேன். வாங்க, நானே ஃபெரி ஏத்தி விடறேன்.”

அவன் புன்னகையோடு குடைக்காம்பைச் சற்குணத்திடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவசர அவசரமாகப் பானையில் வழிந்திருந்த பாலைத் துணியால் துடைத்துவிட்டு, “எங்கேப்பா பொங்குச்சு? சும்மா கொஞ்சம் நுரைதான் வந்துச்சுலா!” என்றாள்.