பாலத்தில் அடங்கும் சத்தம்

காரைக்காலிலேயே ரேஸ் சைக்கிளுக்குக் கேரியர் போட்டவர் ஆல்போன்ஸ் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி மனைவி எலேனை அதில்தான் ஏற்றி வருவார். 1981 மார்கழியில் எலேன் இறந்தார். தை மாதம் சைக்கிளில் ஒரு கிறீச்சொலி தொடங்கியது.

சைக்கிள் கடை பீர் மைதீன் செயினை மாற்றினார். பெடலைப் பிரித்து கிரீஸ் வைத்தார். சத்தம் போகவில்லை. கடைசியில் இன்னொரு சைக்கிளில் கூடவே போய்க் கேட்டார்.

“பாலத்து ஏத்தத்துல நிக்கிது. எறக்கத்துல திரும்ப வருது. பின்னாடி ஆள் உக்காந்தா கேரியர் போடுற சத்தம்ங்க இது.”

பாலத்து ஏற்றம் வந்தால் எலேன் இறங்கி நடப்பார். உச்சிக்குப் போனதும் ஏறிக்கொள்வார்.

“கேரியரைக் கழட்டிக் குடுத்துடுங்க” என்றார் ஆல்போன்ஸ்.

அன்று மாலை சைக்கிள் சத்தமில்லாமல் போனது. கடைத்தெருவைத் தாண்டியதும், பின்னால் இழுத்து இழுத்து நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பாலம் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. வீட்டு வாசல் வரை வந்தது.

மறுநாள் மைதீன் கடை திறக்கும்போது ஆல்போன்ஸ் கேரியரோடு நின்றிருந்தார்.

“மாட்டுனா சத்தம் வருமேங்க?”

“வரட்டும். அவளுக்கு முழங்கால் வலி. அவ்ளோ தூரம் நடக்க முடியாது.”