அமைதியான ஓர் இடம்

மேசையின் மூன்றாவது காலைப் பூட்டி முடித்த பிறகும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மாமா தரையில் குந்தியிருந்தார். வாயில் இரண்டு ஸ்க்ரூ. அவருடைய கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே புது மேசை கவிழ்ந்து கிடந்தது. அந்தச் சின்ன அறையில் அதற்குமேல் இடம் இல்லை.

அவள் படிப்பதற்கென்று வாங்கிய மேசை. அவளுக்கு ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக்கான வகுப்புகள் தொடங்கிவிட்டன.

"இந்த மேசையை உன்ர அப்பா பூட்டியிருந்தா, கதிரையாத்தான் வந்திருக்கும்," என்றார் மாமா. ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சிரித்த முகத்தோடுதான் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

இப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலாவது காலை எடுத்து நீட்டினாள்.

போன வியாழன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிள்ளைக்கு எப்படி உதவலாம் என்று ஓர் ஆசிரியை விளக்கினாள். இன்றைக்கு என்ன படித்தாய் என்று தினமும் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். வீட்டில் அமைதியான ஓர் இடம் கொடுங்கள்.

முதல் இரண்டும் அம்மா செய்யவேண்டியவை. மூன்றாவது மாமா செய்யவேண்டியது.

அம்மாவுக்கு மூன்றாவது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கேட்பதற்கு ஏன் பிள்ளையை அனுப்பினார்களாம்? "நாங்கள் சொன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும்," என்றார் அப்பா. "நீ கேட்டா அவன் மாட்டன் எண்டு சொல்லமாட்டான்," என்றாள் அம்மா. சொந்தத் தம்பிக்கு என்ன கரிசனை! பிள்ளையின் கையால் அடித்தால் நோகாதாம்.

மாமாவுக்கு விசா வழக்கு இன்னும் முடியவில்லை. முகாம், கொழும்பில் ஒரு லொட்ஜ், பிறகு இந்த நாட்டுக்கு வந்ததும் தடுப்பு நிலையம். எல்லாவற்றுக்கும் பிறகு அவருக்கென்று கிடைத்த ஒரே அறை இதுதான். வேலையால் வந்தால் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா படுத்திருப்பார். அது அவருக்குப் பெரிய சந்தோசம்.

அது அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

நாலாவது காலும் இறுகியது.

"சரி. எங்க வைக்கப்போறம்? கீழ ஹோலிலயோ?"

"இங்க, மாமா."

"இங்கயோ? அப்ப கட்டில்?"

அவள் பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தாள். "தங்கச்சியோட ஒரே அறையில இருந்து படிக்கேலாது மாமா. கொஞ்ச நாளைக்கு நீங்கள் வேற இடம் பாக்கிறியளே?"

கொஞ்ச நாள் என்பது அம்மாவின் சொல். ஜி.சி.எஸ்.ஈ. முடிய ஏ லெவல். ஏ லெவல் முடியத் தங்கச்சி.

மாமா எழும்பவில்லை. மேசையின் காலைப் பிடித்தபடி இருந்தார்.

கதவு திறந்தது. கையில் தேநீரோடு அம்மா. மாடிப்படியில்தான் நின்றிருக்க வேண்டும்.

"ஐயோ கடவுளே! என்னடி கேட்டனீ மாமாட்ட?"

தானாகத்தான் கேட்டோமோ என்று கேட்டவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு திகைப்பு. நாடகத்தில் சேர்த்தால் பரிசு நிச்சயம்.

"தம்பி, ஆணையா எனக்கு ஒண்டும் தெரியாது. சின்னப்பிள்ளை, வாய்க்கு வந்தபடி கேட்டுப்போட்டாள்." தேநீரை யன்னல் விளிம்பில் வைத்தாள். குரல் இறங்கியது. "ஆனா அவளாக் கேக்கேக்க நான் என்னத்தைச் சொல்ல? படிப்பெல்லே. வெம்பிளியில இவருக்குத் தெரிஞ்ச பொடியள் இருக்கிற வீட்டில ஓராளுக்கு இடமிருக்காம். ஞாயிற்றுக்கிழமையே வரட்டாம்."

ஒன்றும் தெரியாதவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருந்தது.

மாமா முட்டாள் இல்லை. அக்காவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மருமகளைத்தான் பார்த்தார்.

"நீயாத்தான் கேட்டனியோ, பிள்ளை?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அறை எப்படியும் போகத்தான் போகிறது. மருமகளாவது தனக்கு மிஞ்சுகிறாளா என்றுதான் அந்த மனுசன் கேட்டார். அது அவளுக்கு நன்றாகவே விளங்கியது.

வெட்கமாக இருந்தது. அம்மா மேல் ஆத்திரமும் வந்தது.

ஆனால் அறை நல்ல அறை. நல்ல வெளிச்சம். தங்கச்சியின் சத்தம் இங்கே வராது.

"ஓம் மாமா. நான்தான்."

அம்மா மூச்சு விட்டாள். தேநீர் ஆறுகிறது, குடி தம்பி, என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். போகும்போது மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

மாமா மேசையை நிமிர்த்தினார். ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். நாலு மூலையிலும் கையை ஊன்றி அமத்திப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

அவள் போகாமல் நின்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொல்லமாட்டாளா என்று அந்த முகம் காத்திருந்தது. என்ன சொன்னாலும் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பார், பாவம்.

"மாமா, கட்டிலையும் கொண்டுபோவியளோ?"

புத்தக அலுமாரி வைக்க அவளுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.