ரயிலைத் தவறவிடாதவன்

மார்ட்டினைப் பொய்யன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் செய்த குற்றம், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட ரயிலைத் தவறவிடாதது.

"அரே சார், அந்தமான்ல ரயிலே கிடையாது! அவன் எதைத் தவறவிடுவான்?"

மரைன் ஹில் கிளினிக்கில் மேசையைத் தட்டினாள் அவன் அக்கா ஷீபா. எம்.ஏ. படிப்பவள். தட்டிய வேகத்தில் மனநல நிபுணர் பக்தவத்சலத்தின் டீ தளும்பியது.

அவர் சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"அம்மா, இது ஆளுமைப் பரிசோதனை. கவனக் குறைபாடுன்னு வர்ற பெரியவங்களுக்கு இதையும் கொடுப்போம். சில பேர் இல்லாததை இருக்குன்னு சொல்வாங்க. உண்மையா பதில் சொல்றாங்களான்னு பிடிக்க நடுநடுவே சில கேள்வி இருக்கும். 'நான் ரயிலைத் தவறவிட்டதே இல்லை'ங்கிறதுக்கு ஒருத்தர் 'ஆமாம்' போட்டா..."

"போட்டா?"

"பொய் சொல்றார்னு அர்த்தம். ஒரு தடவையாவது தவறவிடாதவங்க யாரும்மா இருப்பாங்க? டிராஃபிக் சிக்னலை மீறினதே இல்லைன்னும் போட்டிருக்கார்."

"எங்க ஹேவ்லாக் தீவுல ஒரு சிக்னலைக் காட்டுங்க, இப்பவே மீறச் சொல்றேன்."

"லிஃப்ட்டுக்குக் காத்திருந்து எரிச்சல் பட்டதே இல்லையாம்."

"எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது சார்!"

மார்ட்டினுக்கு அரசாங்கப் படகில் கயிறு கட்டும் வேலை. போன மாதம் ஹேவ்லாக்கில், யாரும் கயிறு கட்டாத படகு ஒன்று, ஓர் அதிகாரியின் புது ஃப்ரிட்ஜையும் ஏற்றிக்கொண்டு தன்பாட்டுக்குக் கடலுக்குள் கிளம்பிவிட்டது. "நான்தான் மறந்துட்டேன்" என்றான் மார்ட்டின். கவனக் கோளாறு என்று இங்கே எழுதிக் கொடுத்தால் சிகிச்சை, கரையில் வேறு வேலை. இல்லாவிட்டால் அலட்சியம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இவனுக்குக் கோளாறு இல்லேங்கிறீங்களா? இப்பவே பாருங்க. வந்ததுல இருந்து வாசலையே பார்த்துட்டிருக்கான். ஏலே, இங்க பாருலே!"

மார்ட்டின் திரும்பினான். மறுபடி வாசலைப் பார்த்தான்.

"பாத்தீங்களா?"

"கவனிச்சேன்மா. ஆனா ஸ்கோர்..."

"ஸ்கோரா! மெயின்லேண்ட்ல எவனோ பிளாட்பாரத்துல ஓடுனதுக்கு என் தம்பி பொய்யனா? கப்பலைத் தவறவிட்டியான்னு கேளுங்க சார். கேளுங்க!"

பக்தவத்சலம் கேட்டார்.

"நாலஞ்சு தடவை சார்" என்றான் மார்ட்டின்.

"உண்மை! சொன்னான்ல? மாதா மேல சத்தியமா சொல்றேன், இவன் வாயில பொய் வராது. சின்னதுல பக்கத்து வீட்டு மாங்காயைப் பறிச்சுட்டு, தானே போய்ச் சொல்லி அடி வாங்கிட்டு வந்தவன் சார் இவன்!"

'மாதா' என்றதும் மார்ட்டின் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான்.

பக்தவத்சலம் கொஞ்சம் யோசித்தார். "நியாயம்தான். இந்தக் கேள்வியெல்லாம் எழுதினவர் கடலையே பார்த்திருக்க மாட்டார்." பேனாவைத் திறந்தார். "பொய்ங்கிறதை அடிச்சுடறேன். கவனக் கோளாறுன்னே எழுதிடலாம்."

ஷீபா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெயித்தவள் உட்காரும் தோரணை.

"அடிக்காதீங்க சார்" என்றான் மார்ட்டின்.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நீ மாதா மேல சத்தியம் பண்ணிட்டியேக்கா." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்குக் கயித்தைக் கட்ட மறந்தது நான் இல்ல சார். லூர்துநாதன் மாமா. என்கூட வேலை பார்க்கிறவர். ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கிட்டாரு. ரிட்டையர் ஆகப் போற நேரத்துல இன்னொண்ணு வந்தா அவ்வளவுதான். ரொம்ப நாளாவே அவருக்கு எதுவும் மனசுல நிக்கிறதில்ல. நான் சின்னப் பையன், வேற வேலை தேடிக்குவேன்னு..."

பக்தவத்சலம் தன் பரிசோதனைத் தாளைப் புது மரியாதையோடு பார்த்தார்.

ஷீபா மறுபடி எழுந்துவிட்டாள். "அப்போ அந்த மனுஷன் இங்க வந்து உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? உன்னை மாட்டிவிட்டுட்டு அவர் சொகுசா வீட்டுல இருப்பாரோ?"

மார்ட்டின் கடைசியாக ஒருமுறை வாசலைப் பார்த்தான்.

"காலையில நேரா இங்க வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்னுதான்க்கா சொன்னாரு. மறந்துட்டாரு போல."