லேப்டாப் கண் விழிக்கும் வரை

"அந்தம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க சார். சொல்லலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்" என்றான் ஆனந்தராஜ்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன் அவன். லேப்டாப்பின் முதுகைத் திறந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்.எஸ்.டி.யைப் புதுசாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"சும்மா சொல்லுப்பா" என்றார் பீங்கான் கம்பெனி முதலாளி ராஜ்மோகன்.

"இந்த லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. சேராதுன்னு உங்ககிட்ட சொல்லிடச் சொன்னாங்க."

ராஜ்மோகனுக்குச் சுருக்கென்றது. அந்தம்மா என்றால் அம்சவல்லி. ஆபீஸ் வேலை, ஆட்களின் வருகைப் பதிவு எல்லாம் அவள் பொறுப்பு. எஸ்.எஸ்.டி. பேச்சை எடுத்த நாளிலிருந்தே, இதுவே நல்லாத்தான் இருக்குது, எதுக்கு வீண் செலவு என்று முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே இருந்தாள்.

நல்லா இருந்த லட்சணம் தெரியாதா! காலையில் சங்கு ஊதியதும் பட்டனை அமுக்கினால், அது கர்ரென்று முனகி, வட்டம் சுற்றி, எழுந்து உட்காருவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். அது விழித்தால்தான் கைரேகை மெஷினும் வேலை செய்யும். அதுவரை ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். லேப்டாப்பு திறக்கலைன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க, அது திறக்கிற வரைக்கும் வந்தவங்களுக்கு முழு நாள் போடு, அதுக்கப்புறம் வந்தா அரை நாள்தான் என்று ராஜ்மோகனே எப்போதோ சொல்லி வைத்திருந்தார். அதுவே கம்பெனி சட்டமாகிவிட்டது.

இப்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. லேப்டாப் தூங்குகிற வரைக்கும் இவளுக்கும் வேலை இல்லை. டீயும் ஊர்க்கதையுமாகப் பொழுதைப் போக்கி ருசி கண்டுவிட்டாள். இத்தனை வருஷம் நம்பினோமே என்று நொந்துகொண்டார்.

ஆனந்தராஜ் மூடியைத் திருகி முடித்து பட்டனை அமுக்கினான். கண் மூடித் திறப்பதற்குள் திரை பளிச்சென்று வந்து நின்றது.

ராஜ்மோகன் கையோடு அம்சவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினார். இனிமேல் எந்தச் சாக்கும் செல்லாது, சங்கு ஊதினதும் லேப்டாப் திறந்திருக்கணும், சுணக்கம் தெரிஞ்சா வேற ஆளைப் பாத்துக்குவேன், என் மச்சினன் மகன் இனியவன் பி.காம். முடிச்சிட்டு சும்மாத்தான் இருக்கான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது அவருக்கும் தெரியும்.

அம்சவல்லியின் முகம் செத்துப்போனது. சரிங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறிய பிறகு கம்பெனிக்கு வருவதுதான் ராஜ்மோகனின் வழக்கம். மறுநாள் யாருக்கும் சொல்லாமல் விடிந்ததும் வந்து மாடி ஜன்னலோரம் நின்றுகொண்டார். வாட்ச்மேன் பச்சமுத்து சங்கை ஊதினார். உள்ளூர் ஆட்கள் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். அம்சவல்லியைக் காணோம். லேப்டாப் இருக்கிற பீரோவின் சாவி அவளிடம்தான்.

எட்டிப் பார்த்தால், மகராசி எதிர்த்த டீக்கடையில் நிற்கிறாள். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் சாவிக்கொத்து. கம்பெனிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ராஜ்மோகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் நேற்று அவ்வளவு சொல்லியும் இன்றைக்கு இப்படி நிற்பாள்! இனியவனை இன்றைக்கே வரச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று போனை எடுத்தார்.

அதற்குள் கம்மாபுரம் பஸ் வந்து நின்றது. ஜாடிகளுக்கு வண்ணம் பூசுகிற சிவசங்கரியும் கூட நாலைந்து பெண்களும் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

பாழாப்போன ரயில் கேட்டை தினமும் இந்த நேரத்துக்குத்தான் போடுறாங்க, இதுக்கு முன்னால வேற பஸ்ஸும் கிடையாது என்று பச்சமுத்துவிடம் சிவசங்கரி மூச்சிரைக்க முறையிட்டது மாடி வரைக்கும் கேட்டது.

"லேப்டாப்பு புதுசா மாத்திட்டாங்களாமேண்ணே. தெறந்துட்டாங்களா?" அழுதுவிடுவாள் போலிருந்தது.

"இன்னும் தெறக்கல. மெதுவாவே போ" என்றார் பச்சமுத்து.

கடைசிப் பெண் வாசலைத் தாண்டிய பிறகுதான் டீக்கடையில் அம்சவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள்.

ராஜ்மோகன் படியிறங்கி ஆபீசுக்குள் நுழைந்தபோது எல்லோரும் கைரேகை வைத்து முடித்திருந்தார்கள். எல்லோருக்கும் முழு நாள். அவரைப் பார்த்ததும் அம்சவல்லி பதறி எழுந்து நின்றாள்.

"ஏன் லேட்டு?" என்றார்.

"கேட்டு போட்டுட்டாங்க சார்." அவள் தலை நிமிரவில்லை. "என் பேருக்கு அரை நாள் போட்டுட்டேன்."

அம்சவல்லியின் வீடு கம்பெனிக்குப் பின்தெரு. நடுவில் ரயிலும் இல்லை, கேட்டும் இல்லை.

ராஜ்மோகனுக்கு வெட்கமாக இருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டார். பச்சமுத்துவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து கம்மாபுரம் பஸ் வந்த பிறகு சங்கு ஊதினால் போதும் என்றார்.

அப்புறம் அம்சவல்லி பக்கம் திரும்பினார்.

"அந்த அரை நாளை அழிச்சிடும்மா. கேட்டு போட்டா நீ என்ன பண்ணுவ?"